பேர் எழுதினால் போதுமா? நம் டவுன் பிள்ளைகளின் பங்கேற்பை எப்படி அளப்பது

சிப்புட்காரன் | வெள்ளி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோவிலுக்குப் பின்னால் ஒரு சின்ன டேவான் (மண்டபம்) இருக்கிறது. மூன்று வருடமாக அங்கே பிள்ளைகளுக்கு ஏதாவது நடத்திக்கொண்டு வருகிறோம், இப்போது சனிக்கிழமை தோறும். சிலம்பம், வாசிப்பு, புட்சால், மாதம் ஒரு கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்யும் பொதுப்பணி). இடைநிலைப் பள்ளியில் படிவம் 1 முதல் 5 வரை படிக்கிற பிள்ளைகள்தான் வருகிறார்கள். பாதிப் பேர் டவுன் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) இருப்பவர்கள், மீதிப் பேர் இன்னும் தோட்டத்திலேயே இருக்கும் குடும்பங்கள்.

இந்த வருடம் ஒருவர் பண உதவி செய்தார். ஆண்டு முடிவில் அறிக்கை கேட்டிருக்கிறார். அதற்கு நிரப்பித் தர வேண்டிய பாரத்தில் ஒரே ஒரு கட்டம்: 'பங்கேற்ற இளையோர் எண்ணிக்கை'. நேற்று இரவு கையெழுத்துத் தாள்களை எல்லாம் மேசையில் பரப்பி எண்ணினேன். 12 வாரத்துக்கு 240 கையெழுத்து. 240 என்று எழுதப் போனவன் பேனாவை வைத்துவிட்டேன். தாளைப் புரட்டினால் திரும்பத் திரும்ப அதே பெயர்கள். தனித்தனி ஆளாக எண்ணினால் 38 பேர்தான்.

ஒரு பையன் 12 வாரமும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஆனால் வந்த வேகத்தில் மண்டபத் தூணில் சாய்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு இருப்பான். ஒரு பெண்பிள்ளை இரண்டே வாரம் வந்தாள். அந்த இரண்டு வாரமும் சின்னப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக் கதை வாசித்துக் காட்டியது அவள்தான். பொங்கல் விளையாட்டு நாளின் தாள் தனியாக இருக்கிறது. அதில் 51 கையெழுத்து, ஆனால் 80 பொட்டலம் நாசி லெமாக்கும் தீர்ந்துபோனது.

அந்தக் கட்டத்தில் நான் எதை எழுதுவது? 240, 38, 51, 80 எல்லாமே உண்மைதான். பணம் கொடுத்தவரிடம் பொய் சொல்லக் கூடாது. பிள்ளைகள் செய்ததைக் குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்கு டீச்சர் | வெள்ளி, இரவு 10.15

தம்பி, முதலில் அந்த 240ஐ வீசி எறிந்துவிடாதீர்கள். அது வருகைகளின் எண்ணிக்கை. 38 என்பது ஆட்களின் எண்ணிக்கை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஒரு பிள்ளை சராசரியாக 6 வாரத்துக்குக் கொஞ்சம் மேல் வந்திருக்கிறது என்று தெரியும். 240ஐ மட்டும் எழுதினால் 20 பிள்ளைகள் 12 வாரமும் வந்தார்களா, 240 பிள்ளைகள் ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்தார்களா என்று படிப்பவருக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றாகிவிடுமா?

பள்ளியில் எங்களுக்கு இந்தத் தலைவலி பழகிப்போனது. ஒவ்வொரு மாணவரும் ஒரு சீருடை இயக்கம், ஒரு கழகம், ஒரு விளையாட்டு என்று மூன்றில் சேர வேண்டும். 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்ற கொள்கை 2011இல் வந்தது. பல்கலைக்கழக நுழைவில் 90 விழுக்காடு தேர்வுப் புள்ளிக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. அதனால் பதிவில் எல்லாரும் இருப்பார்கள். சேர்ந்தவர்கள் என்று பார்த்தால் நூற்றுக்கு நூறு. அந்த நூறை வைத்து நான் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

பி.ஏ.ஜே.எஸ்.கே. என்ற பள்ளிப் புறப்பாட மதிப்பீட்டில் ஒரு நல்லது இருக்கிறது. வருகையோடு நிற்காமல் பொறுப்பு, ஈடுபாடு, ஆற்றிய சேவை என்றும் பார்க்கச் சொல்கிறது. ஆனால் பொறுப்புக்குப் புள்ளி என்றதும் எல்லாருக்கும் ஒரு பதவி வேண்டியிருக்கிறது. நான் பார்த்த ஒரு கழகத்தில் உறுப்பினரைவிடச் செயலவையினர் அதிகம். எதற்குப் புள்ளி கொடுக்கிறோமோ அது தாளில் பெருகிவிடும். உங்கள் டேவானில் பிள்ளைகளுக்குப் புள்ளி இல்லாததே ஒரு வசதி. வேறு கட்டாயம் இல்லாமல் வந்தவர்கள் அந்த 38 பேர். அதை மறக்காமல் எழுதுங்கள்.

---

பழைய கிராணி | சனி, காலை 6.05

தம்பிக்கு வணக்கம். நான் 31 வருடம் தோட்டத்து ஆபீசில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தவன். அளக்கிற விஷயம் என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது.

ரப்பர் இருந்த காலத்தில் விடியும் முன்னே பெரட்டு. களத்தில் வெளிச்சம் போட்டு, மண்டோர் (மேற்பார்வையாளர்) பேர் கூப்பிடுவார், நான் செக்ரோல் புத்தகத்தில் குறிப்பேன். அது ஆள் கணக்கு. பெரட்டில் நின்றவர் அன்று நிரையில் எத்தனை மரத்தில் பால் வெட்டினார் என்பதைப் பெரட்டு சொல்லாது.

பத்து மணிக்கு மேல் காண்டா என்கிற தோள் கம்பில் வாளி தொங்க ஸ்டோருக்கு வருவார்கள். அங்கே பாலை நிறுப்போம். இது இரண்டாவது கணக்கு. சரி, நிறுத்தாகிவிட்டது, முடிந்ததா என்றால் இல்லை. பாலில் தண்ணீர் இருக்கும். மழை ஈரம் சேர்ந்திருக்கும், மரத்துக்கு மரம் வித்தியாசமும் உண்டு. தோட்டத்துப் பாலில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்குதான் ரப்பர், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் கொஞ்சம் பாலை எடுத்துத் தண்ணீர் கலந்து மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் குழாயை மிதக்க விடுவோம். அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துக் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று போடுவோம். கூலி அந்தக் கணக்கில்தான்.

உங்கள் 38 பெரட்டுக் கணக்கு. 240 வாளிக் கணக்கு. தூணில் சாய்ந்த பையனையும் கதை வாசித்த பெண்ணையும் பிரித்துக் காட்டுவது மெட்ரோலாக். அது உங்களிடம் இல்லை, அதனால்தான் பேனாவை வைத்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழை நாளில் மரம் வெட்ட மாட்டார்கள், பட்டை நனைந்தால் பால் வழிந்து ஓடிவிடும். அந்த நாளைச் செக்ரோலில் மழை என்று எழுதுவோம். வேலைக்கு வராதவர் என்று எழுத மாட்டோம். உங்கள் தாளில் ஒரு பிள்ளை வராத நாளுக்குப் பக்கத்தில் காரணம் எழுதுகிற இடம் இருக்கிறதா?

---

சிப்புட்காரன் | சனி, காலை 7.30

ஐயா, இல்லை. வராத பிள்ளையின் பெயரே தாளில் இல்லை. வந்தவர்கள்தானே கையெழுத்துப் போடுகிறார்கள்.

---

லோரோங் 4 அம்மா | சனி, காலை 8.20

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். என் மகள் படிவம் 2, பிற்பகல் பள்ளி. போன வருடம் உங்கள் பயிற்சி புதன்கிழமை மாலை 5 மணிக்கு இருந்தது. அவள் பள்ளி விட்டு வெளியே வரும்போது 6.30க்கு மேல். படிவம் 1, 2 பிள்ளைகள் யாருமே வர முடியாது. அப்புறம் இரவு 8 மணிக்கு மாற்றினீர்கள். ஆண் பிள்ளைகள் மோட்டாரில் வந்துவிட்டார்கள். பெண் பிள்ளையை இரவில் யார் கூட்டிக்கொண்டு வருவது? என் வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை, வீட்டில் ஒரே மோட்டார்.

சனிக்கிழமை மாலைக்கு மாற்றிய பிறகுதான் அவள் வந்தாள். முன்பு அவள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. பார்க்கிறவர்கள் இந்தப் பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று நினைத்திருப்பார்கள். அவள் வீட்டு வாசலில் நின்று மேளச் சத்தம் கேட்டுக்கொண்டு இருந்ததை நான் பார்த்தேன், தாள் பார்க்கவில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடக் கஷ்டம். உள்ளே செம்மண் ரோட்டில் ஏழெட்டு கிலோமீட்டர், பஸ் கிடையாது. லாரி ஓடும் நேரத்தில் சைக்கிளில் அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. அப்பா வேலை முடிந்து வந்து ஏற்றிக்கொண்டு வந்தால்தான் உண்டு.

---

உறுமி அண்ணன் | சனி, காலை 11.00

நான் உறுமி மேளக் குழு நடத்துகிறேன். டவுனில் எங்கள் குழு போல இன்னும் சில இருக்கின்றன. வாரத்துக்கு மூன்று இரவு பயிற்சி. திருவிழா, காது குத்து, கல்யாணம் எல்லாவற்றுக்கும் போவோம். தைப்பூசம் நெருங்கினால் தினமும் பயிற்சிதான்.

இத்தனை வருடத்தில் யாரும் எங்களைச் 'சமூக நடவடிக்கை' என்று எண்ணியதே இல்லை. பதிவு செய்த சங்கம் இல்லை, பாரம் இல்லை, பேனர் இல்லை. சத்தம் போடுகிறார்கள் என்று புகார் வரும்போது மட்டும் எங்கள் கணக்கு எடுபடும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பள்ளியில் அவன் வருகை ரொம்ப மோசம். எங்களிடம் வந்த நாளில் குச்சியைப் பிடிக்கத் தெரியாது. உறுமியின் இடது பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்த்து இழுத்தால்தான் அந்த உறுமல் வரும். மூன்று வாரம் அவனுக்கு வெறும் கீச்சுச் சத்தம்தான் வந்தது, விரல் இடுக்குத் தோல் உரிந்தது. விடவில்லை. இப்போது புதிதாக வருகிறவனின் மணிக்கட்டை அவன்தான் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிறான். தோல் கிழிந்தால் ஈப்போவுக்கு யார் போவது, டீசல் காசு யாரிடம் வாங்குவது, வேனில் எந்தத் தவில் எங்கே உட்காரும், எல்லாம் அவன் பொறுப்பு.

சிப்புட்காரன் அண்ணே, உங்கள் தாளில் அவன் இருக்க மாட்டான். பள்ளித் தாளில் அவன் பெயருக்கு நேராகச் சிவப்புக் கோடு. இந்த டவுனில் அவன் பங்கேற்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

---

எண் விரும்பி | சனி, மதியம் 2.10

நான் சமூகவியல் கருத்தாய்வுகளில் வேலை செய்கிறவள், பிறந்தது இங்கேதான். உறுமி அண்ணன் சொன்னதில் அளக்க வேண்டிய எல்லாமே இருக்கிறது. எத்தனை வகை நடவடிக்கைகளில் இருக்கிறான், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை மாதம் அல்லது வருடம் தொடர்ந்தான், உள்ளே வந்த பிறகு எவ்வளவு ஒன்றிப்போனான். ஆய்வாளர்கள் இந்த நான்கையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒரு பிள்ளை ஐந்து நடவடிக்கைகளில் பேர் கொடுத்துவிட்டு எதிலும் நிற்காமல் இருக்கலாம். ஒன்றே ஒன்றில் நான்கு வருடம் நிற்கிற பிள்ளையும் உண்டு. இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் கலக்கக் கூடாது.

ஒன்றிப்போவதை எப்படி அளப்பது? 1970களில் சிகாகோ பக்கத்தில் சிக்சென்ட்மிஹாயி, ரீட் லார்சன் என்ற இரண்டு பேர் 75 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு வாரத்துக்குப் பேஜர் கொடுத்தார்கள். அது எந்த நேரத்தில் ஒலித்தாலும் உடனே எழுத வேண்டும்: எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய், மனம் அதில் இருக்கிறதா, விரும்பித்தான் செய்கிறாயா. இந்த முறையில் சேர்ந்த தரவுகளை வைத்து லார்சன் 2000இல் எழுதிய கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. வகுப்பறையில் பிள்ளைகளுக்குக் கவனம் இருக்கிறது, விருப்பம் இல்லை. நண்பர்களோடு சுற்றும்போது விருப்பம் இருக்கிறது, கவனம் இல்லை. விளையாட்டு, கலை, மன்றம் போன்று தானாக விரும்பிச் சேர்ந்து, ஒழுங்காக நடக்கிற நடவடிக்கைகளில்தான் இரண்டும் ஒன்றாகக் கூடுகின்றன. விரல் இடுக்குத் தோல் உரிந்தும் விடாத பையனிடம் இருப்பது அதுதான்.

நமக்குப் பேஜர் வேண்டாம். மாதம் ஒரு முறை, நிகழ்ச்சி முடிந்ததும், பெயர் போடாத சின்னத் தாளில் இரண்டு கேள்வி போதும். 'இன்று உன் மனம் இங்கே இருந்ததா?' 'யாரும் கூப்பிடாவிட்டாலும் அடுத்த வாரம் வருவாயா?' அதுவே கிராணி ஐயாவின் மெட்ரோலாக்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மஹோனி, கேர்ன்ஸ் என்ற இருவர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியை விட்டு நிற்கும் அபாயத்தில் இருந்த பிள்ளைகளிடையே, ஏதாவது ஒரு புறப்பாட நடவடிக்கையில் இருந்தவர்கள் படிப்பை விடுவது குறைவாக இருந்தது. இதைப் படித்துவிட்டு 'எங்கள் டேவானால் பிள்ளைகள் திருந்தினார்கள்' என்று எழுதிவிடாதீர்கள். வருகிற பிள்ளைகள் ஏற்கெனவே நிலையான வீட்டிலிருந்து வந்தவர்களாக இருக்கலாம். நடவடிக்கை பிள்ளையை மாற்றியதா, மாறத் தயாரான பிள்ளை நடவடிக்கையைத் தேடி வந்ததா என்பதை வருகைத் தாள் மட்டும் பிரித்துக் காட்டாது.

---

பந்துக்காரன் | சனி, மாலை 5.45

எல்லாரும் நல்ல எண்ணத்தில் எழுதுகிறீர்கள். ஆனால் நான் வேலை முடிந்து நேராகத் திடலுக்குப் போகிறவன். பந்து, கூம்பு, தண்ணீர்ப் புட்டி எல்லாம் மோட்டாரிலேயே இருக்கும். ஒன்றரை மணி நேரம்தான் வெளிச்சம் இருக்கும். அதற்குள் 22 பிள்ளைகளுக்கு வகை, மணி நேரம், மனநிலை என்று நாலு கட்டம் நிரப்பினால் பயிற்சி எப்போது கொடுப்பது? முன்பு ஒரு இடத்தில் இப்படித்தான் பாரம் மேல் பாரமாகக் கேட்டார்கள். தாள் நிரப்புகிறவர்கள் நிலைத்தார்கள், பந்து சொல்லிக்கொடுத்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். நானும் ஒதுங்கினேன்.

பிள்ளைகளுக்கும் அது தெரியும். பேனாவும் கையுமாக ஒருவர் ஓரத்தில் நின்றால் அவர்கள் விளையாட்டே மாறிவிடும். அவர்களுக்கு எங்காவது ஒரு இடத்தில் யாரும் மார்க் போடாத நேரம் வேண்டாமா?

---

எண் விரும்பி | சனி, மாலை 6.30

வேண்டும் அண்ணே, முழுக்கச் சம்மதம். ஐநாவின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவே ஓய்வையும் விளையாட்டையும் உரிமை என்று சொல்கிறது. மலேசியா அதில் 1995இல் சேர்ந்தது. வராமல் வீட்டில் தூங்குகிற பிள்ளையைக் குற்றவாளி போலக் கணக்கெடுக்கக் கூடாது.

உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். தினமும் வெறும் பேர் மட்டும் எழுதுங்கள், அதுவும் ஒரு பிள்ளையே குறிக்கட்டும். மற்றதை எல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் மட்டும் பார்த்தால் போதும். ஸ்டோரில் வாளிப் பால் முழுவதையுமா மெட்ரோலாக்கில் ஊற்றினார்கள்? ஒரு கரண்டி எடுத்துத்தானே பார்த்தார்கள்.

---

பழைய கிராணி | சனி, இரவு 7.10

ஒரு கரண்டிதான். ஆனால் எடுப்பதற்கு முன்னால் வாளியை நன்றாகக் கலக்க வேண்டும். மேலாக மொண்டால் கணக்குத் தப்பும். முன் வரிசையில் நிற்கிற கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள்.

---

கணக்கு டீச்சர் | சனி, இரவு 8.00

லோரோங் 4 அம்மா சொன்னதற்கே திரும்பி வருகிறேன். 38 பேர் வந்தார்கள், சரி. எத்தனை பேரில் 38? அது தெரியாமல் இந்த எண் அந்தரத்தில் நிற்கிறது.

அதற்கு முன்னால் யார் 'இளையோர்' என்று முடிவு செய்ய வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வரை வளரிளம் பருவம் என்கிறது. ஐநா புள்ளிவிவரத்தில் இளையோர் 15 முதல் 24. நம் நாட்டில் இளைஞர் சங்கங்கள் சட்டம் 2007இல் வந்தபோது 15 முதல் 40 வரை இளைஞர், 2019 திருத்தத்தில் மேல் வரம்பு 30 ஆனது. எப்படிப் பார்த்தாலும் சட்டக் கணக்கில் 13, 14 வயதுப் பிள்ளைகள் இல்லை. உங்கள் டேவானில் துள்ளிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த வயதுதானே? உதவி செய்தவர் எந்த வயதை நினைத்துக் கேட்டார் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

---

எண் விரும்பி | சனி, இரவு 9.25

மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்பதைத் தோராயமாகக் கண்டுபிடிக்க ஒரு பழைய முறை இருக்கிறது. குளத்து மீனை எண்ணுகிறவர்கள் செய்வது. ஒரு நாள் வலை போட்டுக் கிடைத்த மீன்களுக்கு அடையாளம் வைத்து விட்டுவிடுவார்கள். இன்னொரு நாள் மறுபடி வலை போட்டு, அதில் எத்தனை அடையாள மீன் திரும்பி வந்தது என்று பார்ப்பார்கள்.

உங்கள் 38ஐ 40 என்று வைத்துக்கொள்வோம். கோவில் திருமுறை வகுப்பில் 30 பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பட்டியலிலும் இருப்பவர்கள் 12 பேர் என்றால், 40ஐ 30ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க 100 வரும். அதாவது சுமார் 100 பிள்ளைகள். 40ஐயும் 30ஐயும் கூட்டி, இரண்டு முறை எண்ணிய 12ஐக் கழித்தால் 58. ஆக 42 பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இதில் ஒரு பள்ளம் உண்டு. இரண்டு பட்டியலும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல் அமைந்திருக்க வேண்டும். ஒரே பிள்ளைகளே எல்லாவற்றுக்கும் வருகிற ஊரில் பொது ஆட்கள் கூடிவிடுவார்கள், மொத்தம் குறைவாகத் தெரியும். உறுமிப் பையன்கள் டேவான் பக்கமே வராத ஊரில் அந்தப் பட்டியலைப் போட்டால் மொத்தம் எகிறிவிடும். எங்குமே போகாத பிள்ளை இந்த வலையில் சிக்கவே மாட்டான். அதற்கு வீடு வீடாகப் போவதுதான் வழி.

---

லோரோங் 4 அம்மா | சனி, இரவு 9.50

எங்கள் தாமானில் ஆறு லோரோங் (சந்து). ஒவ்வொரு லோரோங்குக்கும் ஒரு அம்மா இருந்தால் ஒரு மாலை போதும். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, யார் கடை வேலைக்குப் போகிறான், யார் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். பாரத்தில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். காய்கறி லாரி வருகிற நேரத்தில் கேட்டால் சொல்வார்கள். தோட்டத்து லயன் வீடுகளுக்கு என் அக்காவைக் கேட்கிறேன், அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

---

மணிமன்றத்துப் பழையவர் | ஞாயிறு, காலை 9.15

தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றத்திலிருந்து கிளைத்த மன்றங்கள் தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் மன்றத்துக்குக் கட்டடம் கிடையாது, பால் ஸ்டோர் திண்ணைதான். ஆனால் ஒரு நீல அட்டை நோட்டு இருந்தது, கூட்டக் குறிப்பு நோட்டு. எனக்கு 15 வயதில் அதை எழுதும் பொறுப்பைக் கொடுத்தார்கள். முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார், எதிர்த்துப் பேசியவர் யார், எல்லாம் எழுத வேண்டும். முதல் கூட்டத்தில் வேகமாக எழுதத் தெரியாமல் நான் திணறினேன். பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள் எனக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். ஒரு சிறுவன் எழுதி முடிக்கட்டும் என்று அத்தனை பேர் காத்திருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

அந்த நோட்டு இன்று கையில் இருந்தால் யார் பங்கேற்றார்கள் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். உங்களிடம் கூட்டக் குறிப்பு இருந்தால் பாருங்கள் தம்பி. இந்த வருடம் பிள்ளைகள் முன்மொழிந்து நிறைவேறிய தீர்மானம் எத்தனை?

---

சிப்புட்காரன் | ஞாயிறு, காலை 10.40

ஐயா, பார்த்துவிட்டேன். ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் செயலவைக் கூட்டத்துக்கே வந்ததில்லை. நாங்கள் முடிவு செய்வோம், வாட்சப்பில் அறிவிப்போம், அவர்கள் வருவார்கள். மூன்று வருடமாக இது என் கண்ணில் படவே இல்லை. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

---

எண் விரும்பி | ஞாயிறு, காலை 11.20

ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெப்புக்காகப் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக வரைந்தார். கீழே உள்ள மூன்று படிகளை அவர் பங்கேற்பு என்றே ஒத்துக்கொள்வதில்லை. பிள்ளைகளைப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்கு ஒருவரை உட்கார வைப்பது. திறப்பு விழாவில் மாலையும் தட்டும் பிடித்து வரிசையாக நிற்க வைக்கிறோமே, அது இரண்டாம் படி. உச்சிப் படியில் பிள்ளைகளே தொடங்கி, முடிவுகளைப் பெரியவர்களோடு பகிர்ந்துகொள்வார்கள். எல்லா நடவடிக்கையும் உச்சியில் இருக்க வேண்டியதில்லை, சிலம்பத்தை ஆசான்தான் சொல்லித்தர வேண்டும். ஆனால் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்து நிற்கலாம்.

---

கணக்கு டீச்சர் | ஞாயிறு, மதியம் 12.05

நடுவில் ஒரு அவசரம். தம்பி, தாளில் ஐசி (அடையாள அட்டை) எண் வாங்குகிறீர்களா? வாங்கினால் இன்றே நிறுத்துங்கள். 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதில் ஆணா பெண்ணா என்பது. அந்தத் தாள் கோவில் வாசல் மேசையில் திறந்தே கிடந்ததை நானே பார்த்தேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிகத் தொடர்புகளுக்கானது, நம் டேவானுக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். பொருந்தாவிட்டாலும் பிள்ளை நம் பிள்ளைதானே? பெயர், படிவம், லோரோங் போதும். அம்மா அப்பாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

---

படிவம்4 | ஞாயிறு, இரவு 8.35

வணக்கம். அம்மா கைப்பேசியில் இதைப் படித்தேன். இரண்டு வாரம் வந்து கதை வாசித்துக் காட்டியது நான்தான் என்று நினைக்கிறேன்.

நான் வராததற்குக் காரணம் ஆர்வம் இல்லாதது இல்லை. மூன்றாவது சனிக்கிழமை கொஞ்சம் முன்னால் வந்தேன், புத்தகங்களை வயது வாரியாகப் பிரித்து வைக்கலாம் என்று. டேவான் பூட்டி இருந்தது. சாவி வைத்திருக்கிற அங்கிள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஆறு சின்னப் பிள்ளைகள் என்னோடு படியில் உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி நேரம் ஞாபகத்தில் இருந்த கதையைச் சொன்னேன், மழை வந்தது, வீட்டுக்குப் போய்விட்டோம். அன்று தாளும் உள்ளே இருந்தது. அதனால் நாங்கள் ஏழு பேரும் உங்கள் 240இல் இல்லை.

அடுத்த வாரம் வரத் தோன்றவில்லை. எல்லாரும் எங்களை எப்படி எண்ணுவது என்று பேசுகிறீர்கள். எங்களையும் கேட்டிருக்கலாம். தூணில் சாய்ந்திருக்கிற பையன் என் வகுப்பு. அவன் வீட்டில் சனிக்கிழமை மாலை இருக்க முடியாது, அதனால்தான் வருகிறான். அவனை எழுப்பி எதையும் செய்யச் சொல்ல வேண்டாம். அவன் பெயரையும் வெட்ட வேண்டாம்.

---

பழைய கிராணி | ஞாயிறு, இரவு 9.00

அம்மா, நல்லா எழுதியிருக்கிறாய். அந்தப் பையனைப் பற்றி மெட்ரோலாக் என்றெல்லாம் நான் எழுதியது தவறு. மன்னித்துக்கொள்.

---

சிப்புட்காரன் | திங்கள், இரவு 10.10

தங்கச்சி, அந்தச் சனிக்கிழமை நடந்தது எனக்கு இன்றுவரை தெரியாது. உன்னிடமும் அந்த ஆறு பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அறிக்கையை இன்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு கட்டத்தில் 38 என்று போட்டேன். கீழே தனித்தாள் இணைத்தேன்: வருகை 240, வயது 13 முதல் 17, இரவு நேரத்தை மாற்றிய பிறகு பெண் பிள்ளைகள் வந்தது, தோட்டத்திலிருந்து வருகிறவர்களின் தூரம், பிள்ளைகள் எடுத்த முடிவு இந்த ஆண்டு பூஜ்யம். பூட்டிய கதவுக்கு வெளியே படியில் நடந்த வாசிப்பையும் எழுதினேன், ஏழு பேர், தாளில் இல்லை என்று. மொத்தப் பிள்ளைகள் எத்தனை என்பதற்கு லோரோங் அம்மாமார்கள் இந்த மாதக் கடைசியில் ஒரு மாலை சுற்றப் போகிறார்கள். உறுமி அண்ணன் தன் குழுவின் எண்ணிக்கையை மட்டும் தருகிறேன், பெயர் தர மாட்டேன் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

புது வருகைத் தாளை நீயும் உன் நண்பர்களும் சேர்ந்து போட்டுத் தருகிறீர்களா? வரும் சனிக்கிழமை செயலவைக் கூட்டம். நீங்கள் இரண்டு பேராவது வந்து உட்கார வேண்டும். குறிப்பு நோட்டு வாங்கிவிட்டேன்.

---

படிவம்4 | திங்கள், இரவு 10.25

வருகிறோம். மூன்று பேர். இன்னொரு சாவி வெட்டித் தருவீர்களா?

---

சிப்புட்காரன் | திங்கள், இரவு 10.31

நாளைக்கு வேலை முடிந்ததும் பூட்டுக் கடைக்குப் போகிறேன். இரண்டாக வெட்டச் சொல்கிறேன்.